மூடிய வாசலின் படம்

வெளியில் மழை பெய்கிறதா என்று அவரிடம் கேட்டால் பதில் உடனே வராது. கையில் இருக்கிற வேலையைக் கீழே வைப்பார். ஜன்னல் இருப்பது தாழ்வாரத்தின் கடைசியில். அதுவரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்பத்திக்கு இல்லீங்க கண்ணு," என்பார். நனைந்த குடையோடு ஒருத்தி எதிரிலேயே நின்றாலும் இதே நடைதான். "அந்தப் பொண்ணு எந்நேரம் வந்துச்சோ. அதுக்கப்புறம் விட்டிருக்கலாமல்ல?" என்று கேட்பார். குழம்பில் உப்பு சரியா என்றால் குழம்பை மட்டும் தொட்டு நக்கிச் சொல்ல மாட்டார். சோற்றோடு ஒரு வாய், காயோடு ஒரு வாய் தின்ற பிறகுதான் சொல்வார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: "பாத்துப்போட்டுச் சொல்றேன்."

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும்.

நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில், பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நான் கண்ணாடிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே விஞ்ஞானி. கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கல்யாணம் ஆகவில்லை. நான் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையத்துக்காரி. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. என் கணவர் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு மளிகைக் கடையில் பங்குக்காரர். கிரீன் கார்டு வந்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்துக்கு ஏற்ற வேலை என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் அங்கே சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் குடுவைகளைக் கழுவிக்கொண்டே எனக்கு நானே முனகிக்கொண்டிருந்தேன். "அடுப்ப அணைச்சேனா... அணைச்சேன்... அணைச்சேனா..." என் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டினால் பூட்டு, அடுப்பை அணைத்தால் அடுப்பு, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் பஸ். என் கணவர், "நீ கவலப்பட ஒண்ணுமில்லைன்னா அதுக்கும் சேத்துக் கவலப்படுவ," என்பார். வாசலில் ஒரு குரல் தமிழில் கேட்டது.

"அணைச்சீங்களா, இல்லீங்களா?"

திரும்பிப் பார்த்தால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒல்லியான ஓர் அம்மா. "அணைச்சிருப்பேன்," என்றேன்.

"இருப்பேன்னா? வாங்க, போய்ப் பாத்துப்போட்டு வந்தர்லாம்."

வாழ்நாள் முழுக்க எல்லோரும் என்னிடம் சொன்னது, "அதெல்லாம் அணைச்சிருப்ப, அத விட்டுட்டு வேலையப் பாரு" என்பதுதான். இவர் தன் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. குமிழ் ஒவ்வொன்றையும் அவரும் தொட்டுப் பார்த்தார். "அணைஞ்சிருக்குது. தெரிஞ்சுபோச்சு. இனி நிம்மதியா வேலையப் பாருங்க," என்றார். பரிகாசம் துளிகூட இல்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அவருடைய ஆராய்ச்சி மக்னீசியம் பற்றியது. உயிர் உள்ள எதற்கும் மக்னீசியம் வேண்டுமாம். உடம்பு எத்தனையோ நுண்ணிய அறைகளால் ஆனது, ஒவ்வொரு அறைக்கும் சுவர் உண்டு, சுவரில் வாசல் உண்டு. அந்த வாசல் ஒரு புரதம். தன் உருவத்தை மாற்றித்தான் அது திறக்கும், மூடும். இவர் பார்த்துக்கொண்டிருந்தது வெந்நீரில் வாழும் ஒரு கிருமியின் மக்னீசிய வாசல்.

இதையெல்லாம் கேட்ட அன்றே எனக்குக் கை மரத்துப்போவது போல இருந்தது. "அக்கா, எனக்கு மக்னீசியம் கம்மியா இருக்குமோ?"

"அத நான் எப்படிங்க சொல்றது? ரத்தம் குடுத்துப் பாத்துப்போட்டுத்தான் சொல்லோணும்."

கொடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கை மரத்ததும் நின்றுபோனது.

என் கழுவலுக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இருந்தது. குழாய்த் தண்ணீரில் மக்னீசியம் உண்டு. அது குடுவையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவருடைய சோதனை கெட்டுவிடும். அதனால் அவருடைய பாத்திரங்களை அமிலத்தில் அலசி, அப்புறம் சுத்திகரித்த தண்ணீரில் அலசி, திரும்பவும் அலச வேண்டும். என்னைப் போல ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. போதும் என்று யாரும் தடுக்காத இடம் அது.

அவர் குணத்துக்கு ஒரு கல்யாணக் கதை உண்டு. அவருடைய பெரியம்மா ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். கலிஃபோர்னியாவில் மில்பிடாஸில் இன்ஜினியர், ஈரோட்டுக்காரர். பொண்ணு பார்க்க விமானம் ஏறி வந்தார். எடிசனில் தோசை சாப்பிட்டார்கள். பிறகு இன்னொரு முறை வந்தார். "எப்பிடிக்கா இருக்காரு?" என்று கேட்டேன்.

"நல்லவராட்டத்தான் தெரியறாரு. ஆனா ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சிரிக்கிறாரு. சிரிக்காதப்ப எப்படி இருப்பாருன்னு பாக்கோணுமல்ல?"

"அல்லாவே! கல்யாணம் முடிச்சா தன்னால பாத்துக்கிடலாமேக்கா. எங்க வீட்டுல உள்ளவுக சிரிச்சத நான் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பாத்தேன்."

அவர் கேட்கவில்லை. மூன்றாம் முறை வந்தவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட வைத்தார். நியூஜெர்சிக்காரர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் மனுசன் மனுசனாக இருக்க முடியாது. மாப்பிள்ளையோ நெரிசலில் நின்றுகொண்டு பழைய பாட்டைச் சீட்டியடித்திருக்கிறார்.

"கோவமே வரலீங்க கண்ணு. அதுதான் சந்தேகமா இருக்குது," என்றார் அக்கா திங்கட்கிழமை.

அந்த மனிதர் சில மாதம் பொறுத்தார். பிறகு அவருடைய கல்யாணப் பத்திரிகை ஈமெயிலில் வந்தது. மணப்பெண் வேறு யாரோ. அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கட்டும்," என்றார். நான்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த மக்னீசிய வாசலின் உருவத்தை அக்கா பார்த்த நாளும் எனக்குத் தெரியும். மார்ச் மாதம், மாணவர்களுக்கு வசந்த கால விடுமுறை. மாடியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. கழுவுகிற அறைக்கு வந்து, "கையத் தொடச்சுப்போட்டு வாங்க," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கம்ப்யூட்டர் திரையில் நாடா நாடாவாக ஏதோ சுருண்டு நின்றது. நீளமான ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து ஒரு புனல் போல. அவர் விரல் வைத்துக் காட்டினார்.

"இதுதானுங்க. இந்த வழியாத்தான் மக்னீசியம் உள்ள போகோணும். இங்க பாருங்க, நெருங்கி நிக்குதல்ல? மூடியிருக்குது. துண்டுகளோட கால்களுக்கு நடுவுல இந்தப் பச்சைப் புள்ளி தெரியுதா? அதுவும் மக்னீசியந்தான். உள்ள போதுமான அளவு இருந்தா அதுல கொஞ்சம் வந்து இப்படி இடுக்குல உக்காந்துக்குது. தாழ்ப்பாள் போட்ட மாதிரி. உள்ள கொறஞ்சா அதுவே எந்திரிச்சுப் போயிரும். தாழ்ப்பாள் கழண்டுக்கும்."

"ஆக, உள்ள வாற சாமானேதான் தாழ்ப்பாளாவும் இருக்கா?"

"அப்படித்தான் தோணுது."

"தொறந்தா எப்பிடிக்கா இருக்கும்?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதப் பாக்கோணும்," என்றார்.

நான் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்தேன். என் கணவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நீ கேட்டுத்தான் அவங்க ஆராய்ச்சி பண்ணுதாங்களாக்கும். பெரிய இவ!" அதுவும் சரிதான். கேட்காவிட்டாலும் அவர் அங்கேதான் போயிருப்பார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் ஓர் அமெரிக்கர். உயரமான ஆள், சிரித்தால் தாழ்வாரமே அதிரும். விடுமுறை முடிந்து வந்து படத்தைப் பார்த்ததும் மேஜையைத் தட்டிக்கொண்டு, "வி ஹேவ் இட்! வி ஹேவ் இட்!" என்று கத்தினார். யாரும் அதுவரை பார்க்காத உருவம் அது. உடனே கட்டுரை எழுதிப் பெரிய பத்திரிகைக்கு அனுப்பு என்றார். அக்கா, திறந்த உருவத்தையும் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்து அனுப்பலாம் என்றார். தலைவரின் முகம் சுருங்கியது. ஆனாலும், கொஞ்ச நாள் பார் என்று விட்டுக்கொடுத்தார். நல்ல மனிதர். கொஞ்சம் கெட்டவராக இருந்து மேஜையை இன்னொரு முறை ஓங்கித் தட்டியிருக்கலாம்.

நான்தான் நாளை எண்ண ஆரம்பித்தேன். அக்காவின் விசாவுக்கு ஆறு வருடம்தான் கெடு. அதில் பாதிக்கு மேல் போயிருந்தது. பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தால் கிரீன் கார்டுக்கு வழி பிறக்கும், எங்காவது ஒரு பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஆராய்ச்சிக்கூடம் கிடைக்கும். வராவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதை எனக்குச் சொன்னதே அவர்தான், மழை நின்றுவிட்டது என்பது போல.

மதியச் சாப்பாட்டின் போது சொல்லிப் பார்த்தேன். "அக்கா, மூடினத இப்பக் குடுத்துருங்க. தொறந்தத பொறவு குடுங்க. ரெண்டு தடவ பேரு வருமே."

அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "மூடினத மட்டும் போட்டா, அது எப்படித் தொறக்கும்னு ரெண்டு பாரா யூகத்துல எழுதோணுமுங்க. எழுதாட்டிப் போட மாட்டாங்க. பாக்காத ஒண்ண எழுதி, அது தப்பாப் போச்சுன்னா? அத நம்பி எத்தன பேரு வருஷக்கணக்குல வேல பண்ணுவாங்க? அவிங்க நேரத்துக்கு நானல்லங்க பொறுப்பு?"

நான் ஊறுகாய் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த உயரமான மனிதரிடமும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

திறந்த உருவத்தைப் பார்க்க வழி இதுதான். மக்னீசியமே இல்லாத கரைசலில் அந்தப் புரதத்தைப் போட்டு, சின்னக் குழிகள் உள்ள தட்டில் துளித்துளியாக வைத்துப் படிகமாக்க வேண்டும். படிகம் என்றால் கல்கண்டு போல. அதற்குள் லட்சக்கணக்கான வாசல்கள் அச்சடித்தாற்போல ஒரே நிலையில் நிற்க வேண்டும். "எங்க பெருநாள் தொழுகை மாதிரியாக்கா? அத்தன பேரும் வரிசையா, தோளோட தோள் ஒட்டி, குனிஞ்சா ஒண்ணாக் குனிஞ்சு?" என்று கேட்டேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதேதானுங்க. ஒருத்தரு முன்னாடி ஒருத்தரு பின்னாடி நின்னாப் படிகம் கட்டாது," என்றார். அந்தப் படிகத்தை லாங் ஐலண்டுக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே இருக்கிற பெரிய எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள்.

மூடிய வாசல் அழகாகப் படிகம் கட்டியிருந்தது. மக்னீசியத்தை எடுத்தால் கட்டவே இல்லை. ஏற்கெனவே கட்டிய படிகத்தை மக்னீசியம் இல்லாத கரைசலில் ஊறவைத்தால் விரிசல் விட்டுக் கரைந்தது. மாதக்கணக்காக இதே கதை. காலையில் மைக்ராஸ்கோப்பில் குனிவார், நிமிர்வார், அடுத்த தட்டை எடுப்பார்.

அந்த வருட ரமலானில் நோன்பு திறக்க அவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். கஞ்சியும் வடையும் முடிந்து நாங்கள் தொழுதுவிட்டு வந்த பிறகு, என் இரண்டு மகள்கள், அவர்களுடைய சிநேகிதிகள் என்று ஐந்து பெண்பிள்ளைகள் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குத் திடீரென்று யோசனை வந்தது. அவர்களை வட்டமாக நிற்கவைத்தார். பக்கத்தில் நிற்பவளின் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, நடுவில் ஒரு பேரீச்சம்பழம். "நழுவ விடாம அழுத்திப் புடிங்க கண்ணுகளா. இதுதான் மக்னீசியம்."

"ஆன்ட்டி, திஸ் இஸ் ஸோ வியர்ட்!" என்றாள் என் பெரியவள். ஆனாலும் ஐந்து பேரும் சிலை மாதிரி நின்றார்கள். பழம் விழக்கூடாதே.

"இப்பப் பழத்த எடுக்கறேன். எல்லாரும் தளந்து வெளிய சாயுங்க, பாக்கலாம்."

எடுத்தார். அவ்வளவுதான். ஒருத்தி இடுப்பை வளைத்தாள், ஒருத்தி பின்னால் சாய்ந்தாள், ஒருத்தி அடுத்தவள் மேல் விழுந்தாள், சின்னவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படியில்லீங்க கண்ணுகளா. அஞ்சு பேரும் ஒரே மாதிரி சாயோணும். ஒரே அளவு." மறுபடியும் பழம், மறுபடியும் சிலை, மறுபடியும் எடுத்தால் ஆளுக்கு ஒரு கோணம். அவர் விடவில்லை. ஒவ்வொருத்தியின் தோளையும் பிடித்து, இவ்வளவுதான் நகர வேண்டும் என்று சரிசெய்தார். கையை எடுத்ததும் அது கலைந்தது. கடைசியில் என் பெரியவள், "ஆன்ட்டி, தேர்ஸ் நத்திங் டு ஹோல்ட் அஸ்!" என்று சலித்துக்கொண்டாள். "நிக்கறதுக்குப் பழகோணுமுங்க," என்றார் அக்கா. பிறகு எல்லோரும் மக்னீசியத்தைத் தின்றுவிட்டார்கள்.

குளிர்காலம் வந்தது. வெறும் தட்டுகள்தான் வந்துகொண்டிருந்தன. எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. என் குடுவைகளில் மக்னீசியம் மிச்சமிருந்து, அதனால்தான் அந்த வாசல் திறக்க மாட்டேன் என்கிறதோ? ஒரு நாள் காலையில் கேட்டே விட்டேன். "அக்கா, என்னாலயா? நான் சரியா அலசலியா?"

வேறு யாராக இருந்தாலும், "சே, அப்படியெல்லாம் இல்லை" என்று தோளைத் தட்டியிருப்பார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இருக்கலாமுங்க. பாத்துப்போட்டுச் சொல்றேன்," என்றார்.

அந்த வாரம் எனக்கு எப்படிப் போயிற்று என்று சொல்ல முடியாது. சோறு இறங்கவில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். ஒரு மனுசியின் வாழ்க்கையை நான் அரைகுறையாக அலசிக் கவிழ்த்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். என் கணவருக்குக் கோபம் வந்தது. "படிச்ச பொம்பள, ஒரு வார்த்த ஆறுதலாச் சொன்னா கொறஞ்சா போயிருவாங்க?" எனக்கும் அன்றைக்கு அக்கா மேல் கொஞ்சம் பயம் வந்தது. இரக்கமே இல்லாதவரோ என்று.

வெள்ளிக்கிழமை வந்தார். நான் கழுவிய குடுவைகளில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, அலசிய தண்ணீரை வேறொரு கட்டடத்தில் உள்ள கருவியில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். "ஒண்ணுமில்லீங்க கண்ணு. சுத்தமோ சுத்தம். உங்க மேல தப்பே இல்ல." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தப்பு என்னுடையதாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு வழி பிறந்திருக்கும். குடுவையை மாற்றினால் போதும். இப்போது அந்த வழியும் அடைபட்டது. அதைத்தான் என்னிடம் அத்தனை சந்தோஷமாக வந்து சொன்னார்.

அடுத்த கோடைக்காலத்தில் அது நடந்தது. காலையில் நான் தள்ளுவண்டியில் பாத்திரம் சேகரித்துக்கொண்டு போகும்போது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவுகிற அறைக்கு வந்து, அங்கே கிடந்த குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வந்துருச்சுங்க," என்றார்.

"என்னதுக்கா?"

"நம்ம வாசல். வேற ஊருல ஒரு குழு போட்டிருக்காங்க. பெரிய பத்திரிகைல. அதே அஞ்சு துண்டு, அதே புனல், அதே எடத்துல மக்னீசியம்."

தண்ணீர்க் குழாயை மூடினேன். "தொறந்ததா, மூடினதாக்கா?"

"மூடினது."

"அப்ப தொறந்தது?"

"அவிங்களும் பாக்கல. பாக்கலைன்னே கடைசில ஒரு வரி எழுதியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படியும் எழுதலாமாட்ட இருக்குது."

பிறகு எழுந்து, "படம் ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. நம்முளுதவிடத் தெளிவு," என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவர் அறைக் கதவு அன்று சாத்தியே இருந்தது. மதியம் அவர் வெளியே வந்தபோது அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அக்காவைப் பார்க்காமல் காபி எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தாழ்வாரத்தில் அவர் சிரித்து அப்புறம் நான் கேட்கவே இல்லை.

அக்காவின் கட்டுரையும் வந்தது, ஒரு சின்னப் பத்திரிகையில், சில மாதம் கழித்து. முன்பே மற்றவர்கள் சொன்னதை இதுவும் உறுதிப்படுத்துகிறது என்கிற மாதிரி. வேலைக்கு நேர்காணல் போனார், டெக்சாஸுக்கு ஒன்று, வேறெங்கோ ஒன்று. யாரும் கூப்பிடவில்லை. விசா முடியும் வரைக்கும் அவர் திறந்த வாசலுக்காகத் தட்டு வைத்துக்கொண்டேதான் இருந்தார். நானும் அலசிக்கொண்டே இருந்தேன்.

நியூவர்க் விமான நிலையத்துக்கு என் கணவரும் நானும் கொண்டுபோய் விட்டோம். எடை அதிகமான பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுத்துக் கைப்பையில் திணிக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. அன்னைக்கே மூடினதக் குடுத்திருக்கலாம்னு இப்ப நெனைக்கியளா?"

என் கணவர் என்னை முறைத்தார். அக்கா ஜிப்பை இழுத்து மூடினார். நிமிர்ந்து, உண்மையாகவே யோசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெளியும்வரை யோசித்தார்.

"பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க கண்ணு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அது 'இல்லை' என்று சொல்வதற்கு ஒரு மரியாதையான வழி என்று என் கணவர் வரும் வழியில் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பார்க்கிறேன் என்றால் பார்ப்பார்.

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியை ஆனார். பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வார். உடம்பு, பிள்ளைகள், அங்கே வெயில், இங்கே பனி. ஆராய்ச்சியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், பெருநாள் எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. யாருக்கோ என்னமோ என்று பதறி எடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க, எல்லாரும் நல்லாயிருக்கோம். உங்களுக்கு ஒரு பதில் பாக்கியிருக்குதல்ல, அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"என்ன பதிலுக்கா?"

"ஏர்போர்ட்ல கேட்டீங்களே."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இங்க லேப் இல்ல, ஒண்ணுமில்ல. பழைய படத்தயே கம்ப்யூட்டர்ல வச்சு, மக்னீசியத்த எடுத்துப்போட்டு அசைய விட்டுப் பாத்துட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சாயுதுங்க. ஒருக்கா இந்தக் கால் விலகுது, ஒருக்கா அந்தக் கால். தொறந்த வாசலுக்குன்னு ஒரு உருவமே கெடையாதாட்ட இருக்குது. தாழ்ப்பாள் போனா அதுக்குப் புடிமானமில்ல, ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்துலதான் மக்னீசியம் உள்ள போகுது போல. அப்புறம் எப்படிப் படிகம் கட்டும்? எத்தன வருஷம் தட்டு வச்சாலும் கட்டாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுவும் சும்மா கம்ப்யூட்டர்ல பாத்தது. நெசத்துல பாக்கலீங்க. ஆனா நீங்க கேட்டதுக்கு இது போதும். வராத ஒண்ணுக்காக நான் இருந்ததக் குடுக்காம வச்சிருந்தேன். அன்னைக்கே குடுத்திருக்கோணும்."

குரலில் அழுகை இல்லை. அலசிய தண்ணீரின் முடிவைச் சொன்ன அதே குரல். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். கடையில் அரிசி வாங்குவதற்கே பத்து முறை யோசிக்கிற நான், ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்.

"இல்லக்கா. நீங்க செஞ்சதுதான் சரி."

அந்தப் பக்கம் கல்லூரி மைதானத்திலோ எங்கோ பெண்கள் கத்தி விளையாடுவது கேட்டது.

"பாக்காமச் சொல்றீங்க கண்ணு," என்றார்.

"ஆமாக்கா," என்றேன். "பாக்காமத்தான் சொல்லுதேன்."